கசகசா அளவுக்குத் தேய்ந்த சங்கிலி

நில அளவை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நம் ஆபீஸ் இதழில் ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். "பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி இருக்கட்டும் ஐயா" என்றும் சொல்லிவைத்தார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் சூடாக ஒரு காப்பி குடியுங்கள். என்னிடம் இருக்கிற சரக்கு வேறு. நான் செய்த நல்ல காரியங்களையெல்லாம் பிரிவுபசார விழாவில் மாலை போட்டுச் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று யாரும் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அவர்கள் சொல்லாததற்குக் காரணம், அது அவர்களுக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் பிற்பாதியில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அரசாங்க வேலை கிடைக்கும்வரை என்று ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் உதவி சர்வேயராகச் சேர்ந்திருந்தேன். பெரும்பாறை ஊருக்கு மேலே ஓடுகிற ஓர் ஓடையின் தண்ணீரை, மலையைக் குடைந்து கன்னிவாடிப் பக்கம் இறக்குவது கம்பெனி எடுத்திருந்த வேலை. கம்பெனி இப்போது இல்லை. பேரும் வேண்டாம்.

சுரங்கத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குடைய மாட்டார்கள். மேற்கிலிருந்து ஒரு கூட்டம், கிழக்கிலிருந்து ஒரு கூட்டம் என்று குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். வேலை நடக்கிற கோடிப் பாறைக்கு 'முகம்' என்று பெயர். நடுவில் இருபதடிப் பாறை மிச்சம் இருக்கும்போது கிழக்கு முகத்து ஆட்களை வெளியே அனுப்பி நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு மேற்கிலிருந்து மட்டும் வெடி வைத்து உடைப்பார்கள். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வைக்கிற வெடி அந்தப் பக்கம் நிற்கிறவன் நெஞ்சில் வெடிக்கும்.

எத்தனை அடி மிச்சம் என்று சொல்வது எங்கள் வேலை. மலையின் மொத்த அகலம் முன்பே கணக்குப் போட்டு வைத்தது. வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் குடைந்த தூரத்தை நூறடிச் சங்கிலியால் அளந்து, மொத்தத்திலிருந்து கழித்துப் போர்டில் எழுதுவோம். அந்தச் சங்கிலியின் முன்கோடியைப் பிடித்து நடந்த ஆள்தான் வீரணன்.

காப்பித் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. மிளகு பறிக்கப் போனார். பதினாலு வயதில் கன்னிவாடிச் சந்தைக்கு மிளகு மூட்டை சுமந்து போனபோது, கடைக்காரர் பொட்டலம் மடிக்கக் கிழித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். பக்கம் பக்கமாக எண்கள் மட்டும். எந்த வெள்ளைக்கார துரை வீட்டுப் பழைய பேப்பரோடு வந்ததோ! அரைநாள் கூடுதலாகச் சுமை தூக்கிப் புத்தகத்தை வாங்கிவிட்டார். அது மடக்கை அட்டவணை. பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக்கொள்ள நாமெல்லாம் கல்லூரியில் பிரித்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்ட அதே அட்டவணை.

அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. அந்த எண்கள் எதற்கு என்று சொல்லவும் ஆள் இல்லை. நாலு மாசம் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் மிளகு பறிக்க மரத்தில் சாத்திய ஏணியின் மேல் இருந்தபோது பிடிபட்டதாம்.

"ரெண்டுக்கு நேரா ஒண்ணு எழுதிருக்கு, மூணுக்கு நேரா ஒண்ணு எழுதிருக்கு. ரெண்டையும் கூட்டுனா ஆறுக்கு நேரா எழுதுனது வருதுங்க. அப்பத்தான் சார் திருட்டுத்தனம் தெரிஞ்சுது. பெருக்குறதக் கூட்டலாக்கி ஒளிச்சு வச்சிருக்கான். ஏணிய விட்டு எறங்கவே மறந்துட்டேன். கங்காணி கீழ நின்னு ஏசுறாரு."

என்னிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். நான் நம்பவில்லை. எவனோ வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை இவர் மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் நான் கூடாரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பொஸ்தகத்துல இந்த எடத்துல தப்பா அடிச்சிருக்கான். கடைசி எண்ணு ஆறு, மூணு இல்ல" என்றார்.

"அச்சான புத்தகத்தில் தப்பா? போய்யா, சோலியைப் பார்" என்று விரட்டினேன். அன்றே வேறொரு புத்தகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறுதான். அந்தப் பிழையோடுதான் நான் இரண்டு வருஷம் கணக்குப் போட்டு வந்திருந்தேன்.

அதற்கப்புறம் மழைநேரத்தில் அவரைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வேன். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நாங்கள் கழித்துப் போட்ட அளவைப் புத்தகங்களில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைச் சேர்த்து, அவர் மனைவி பேச்சியம்மா சாக்கு தைக்கிற ஊசியால் தைத்துக் கொடுத்தது. அதில் அவர் வேலை செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு சங்கதியைப் பற்றித்தான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று வேறு எதாலும் வகுபடாத எண்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு அவர் வைத்த பேர் 'ஒண்டிக்கட்டை'. நோட்டில் அவற்றுக்கு அடையாளம் ஒரு காப்பிக்கொட்டைப் படம்.

"மேல போகப்போக ஒண்டிக்கட்டைக அருகிப் போறாங்க சார். ஆனா இஷ்டத்துக்கு இல்ல. இந்தப் பொஸ்தகத்துல கெடக்கு பாருங்க எண்ணு, அது சொல்றபடிதான் அருகுறாங்க. ஏன் அப்படி? பெருக்கலுக்குப் போட்ட பொஸ்தகத்துக்கும் ஒண்டிக்கட்டைக்கும் என்ன ஒறவு? அதத்தான் மூணு வருசமாத் தேடுறேன்."

எனக்கு அதில் பாதிகூட ஏறவில்லை. ஆனால் இந்த மனுஷர் சங்கிலி பிடித்துச் சாகப் பிறந்தவர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கோடைக்கானலுக்கு சீசனில் கல்லூரிப் பேராசிரியர்கள் வருவார்கள். வேலை முடிந்ததும் அவர்களில் ஒருவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். "நெசமாவா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். வீட்டில் போய்ப் பேச்சியம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தலைமை சர்வேயரை 'பெரியவர்' என்றே எல்லாரும் கூப்பிடுவோம். நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது இது: "தம்பி, சங்கிலி பொய் சொல்லும். வளையம் தேயத் தேய நீளும். நீண்ட சங்கிலி நூறுன்னு சொல்றப்ப நெசத்துல நூறைத் தாண்டியிருக்கும். நாம நினைச்சதைவிட அதிகம் குடைஞ்சிருப்போம். பாறை நாம நினைச்சதைவிடக் குறைவா இருக்கும். தினம் வெள்ளனே எந்திரிச்சு அதைக் கல்லுல போட்டுப் பாரு. அப்புறம் பல் தேய்." முகாம் முற்றத்தில் சரியாக நூறடி இடைவெளியில் இரண்டு கற்கள் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் சங்கிலியை அந்தக் கற்களில் போட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

போட்டேன், ஒழுங்காகத்தான் போட்டேன், மழை பிடிக்கிறவரை. ஐப்பசியில் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டைகள் லாரி லாரியாக வந்து இறங்கின. இறக்கியவன் எங்கே அடுக்கினான் தெரியுமா? அந்தக் கற்களின் மேலேதான். ஆள் உயரத்துக்குக் கட்டை. அதை எடுக்க நாலு ஆள், அரை நாள் வேண்டும். நான் மேஸ்திரியிடம் ஒரு தடவை சொன்னேன். "எடுத்துருவோம் சார்" என்றார். எடுக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. பதிவேட்டை மட்டும் தினமும் எடுத்து, கல்லைப் பார்க்காமலே 'சரிபார்த்தேன்' என்று எழுதினேன். முதல் நாள் கை கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. இரண்டு மாசம் எழுதினேன். பெரியவரும் அதைப் பார்க்காமலே கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

அது ஒரு சனிக்கிழமை. போர்டில் மிச்சம் இருபத்திரண்டு அடி என்று காலையில்தான் எழுதியிருந்தேன். இன்னும் இரண்டடி போனால் கிழக்கு முகத்தை நிறுத்த வேண்டும். மேற்கில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வெடி. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், வீரணன் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு என் கூடாரத்துக்கு வந்தார். நோட்டும் கையில் இருந்தது.

"சார், சங்கிலி நீண்டு கெடக்குங்க."

"யார் சொன்னது?"

"வளையத்தப் பாருங்க. உள்பக்கம் தேஞ்சு பள்ளம் விழுந்துருக்கு. ஒரு மூட்டுக்கு ஒரு கசகசா அளவு. முந்நூறு மூட்டு இருக்கு. மொத்தம் அரை அடி வருது. நூறு அடிக்கு அரை அடின்னா, ரெண்டு பக்கமும் கொடஞ்ச மூவாயிரம் அடிக்குப் பதினஞ்சு அடி. நீங்க போர்டுல இருபத்திரண்டுன்னு எழுதிருக்கீங்க. ஏழுதாங்க இருக்கு."

"கசகசாவை வைத்தா அளந்தாய்?"

"ஆமாங்க. பேச்சி கறிக்கொழம்புக்கு வாங்கி வச்சிருந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். பயத்தில் வருகிற சிரிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற பெருக்கல் கணக்கு அது. அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் வெளியே சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "காலையில் சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, எதைச் சரிபார்த்தாய்?"

எஞ்சினீயர் முப்பது தப்படி தள்ளி இருந்த கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கரண்டி படுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"வீரணா, கல்லில் போட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்லக்கூடாது. கல் கட்டைக்கு அடியில் இருக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இருக்காது. நாம் இரண்டு பேருமே கட்டையைத் தள்ளிவிட்டுப் பார்ப்போம். அதுவரை வாயைத் திறக்காதே. என் வேலை போய்விடும்."

"இன்னைக்கு நாலு மணிக்கு வெடிங்களே. நாலடிக்குத் தொளை போட்டிருக்காங்க. ஏழுல நாலு போனா மூணு. மூணடிப் பாறை நிக்காது சார். அங்கிட்டுப் பத்து பேரு நிக்காங்க."

"ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன், போ."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கில் ஓர் எண் ஏன் இப்படி வருகிறது என்று பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "சரிங்க. நோட்ட வச்சுட்டுப் போறேன். கணக்கு கடைசித் தாள்ல இருக்கு. சாவகாசமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டு, நோட்டை என் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுந்து போகவில்லை. முப்பது தப்படி. அந்த மூன்றரை மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். பென்சில் சீவினேன். தேய்மானம் எல்லா வளையத்திலும் ஒரே மாதிரி இருக்காது, கசகசா ஒன்றுபோல ஒன்று இருக்காது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். மூன்று மணிக்கு வீரணனைத் தேடினேன். காணோம். கஞ்சி குடிக்கப் போயிருப்பார் என்று இருந்துவிட்டேன்.

அவர் மலை ஏறியிருந்தார். கிழக்கு வாயிலுக்கு மலைமுதுகைத் தாண்டிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். மழையில், அட்டைக்கடியில், அதற்கு மேலும் ஆகும்.

நாலு மணிக்கு வெடி வெடித்தது. எப்போதும் வெடிப் புகை எங்கள் மேற்கு வாயில் வழியாக மெல்லத் திரும்பி வரும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நிற்போம். அன்று புகை ஒரே மூச்சில் வெளியே வந்து கலைந்துவிட்டது. பின்னாலேயே சில்லென்று காற்று வந்தது. அந்தப் பக்கத்துக் காற்று. வாயிலில் நின்ற கூட்டம் ஒரு நொடி திகைத்துவிட்டு, "மலை தொறந்துருச்சுடோய்!" என்று கத்தியது. துண்டைச் சுழற்றி ஆடினார்கள். போர்டில் இருந்த இருபத்திரண்டு அடி அந்த ஆரவாரத்தில் யாருக்கும் நினைவில் இல்லை; எஞ்சினீயரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்து என் முதுகில் தட்டினார்கள்.

உள்ளே ஓடினோம். உடைந்த பாறைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியபோது கிழக்கு மேஸ்திரி எதிரே வந்தார். காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"உங்க சங்கிலிக்காரன்தாங்க. 'தண்ணி, தண்ணி வருது, ஓடுங்கலே'ன்னு கத்திக்கிட்டே உள்ள வந்தான். தண்ணின்னா நிப்போமா? போட்டது போட்டபடி கெடக்க ஓடுனோம். ஒம்பது பேரு வெளிய வந்துட்டோம். தொளை போடுற ஆளு மிசின் சத்தத்துல நின்னுக்கிட்டிருந்தாரு, அவருக்குக் காது மந்தம். அவரக் கூப்புடத் திரும்பி உள்ள போனான். அம்புட்டுத்தான். தண்ணியக் காணோம். வெடிதான் வந்துச்சு."

இரண்டு பேரையும் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தோம். வீரணனின் கை, துளைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்தபடி இருந்தது. பிரிக்க முடியவில்லை.

'தண்ணி' என்று ஏன் சொன்னார்? இதை எத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன் தெரியுமா? கசகசாக் கணக்கைச் சொன்னால் சுரங்கத்தில் எவனும் நகர மாட்டான், அது ஒன்று. இன்னொன்று, சங்கிலி தப்பு என்று சொன்னால் என் பேர் வெளியே வரும். வாயைத் திறக்காதே என்று நான் சொல்லியிருந்தேன். அவர் திறக்கவில்லை. பத்துப் பேர் உயிரையும் பார்த்தார், என் வேலையையும் பார்த்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். அன்று சாயங்காலமே, எல்லாரும் பிணத்தோடு இருந்தபோது, சங்கிலியைக் கொண்டுபோய் உடைந்த பாறைக் குவியலில் நானே போட்டு, மேலே ஒன்றிரண்டு பாறைத் துண்டுகளையும் தள்ளினேன். விசாரணைக்கு வெளியூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சங்கிலியை எடுத்து அளந்தார்கள். ஆறு அங்குலம் அதிகம். வீரணன் சொன்னது அப்படியே. என்னைக் கேட்டார்கள். "காலையில் சரியாக இருந்தது, பதிவேட்டில் இருக்கிறது. வெடியில் சிக்கி இழுபட்டிருக்கும்" என்றேன்.

பெரியவர் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து ஒரு வளையத்தை எடுத்து விரலால் தடவினார். இழுபட்ட வளையம் வாய் பிளந்திருக்கும். தேய்ந்த வளையம் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். என் முகத்தைப் பார்த்தார். பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தையும் பார்த்தார். பேசாமல் வளையத்தைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதே இல்லை.

பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று விசாரணை முடிந்தது. சங்கிலிக்காரர் வீரணன் அனுமதி இல்லாமல் கிழக்கு முகத்துக்குள் நுழைந்து, இல்லாத தண்ணீரைச் சொல்லிப் பீதி கிளப்பினார் என்று அதில் ஒரு வரியும் சேர்ந்தது. அந்த வரியை எழுதும்போது நான் அறையில் இருந்தேன்.

நோட்டு என்னிடம் இருந்தது. கடைசித் தாளைப் பிரித்தேன். "சனி. சங்கிலி ஆறு அங்குலம் அதிகம். மிச்சம் ஏழடி. சர்வேயர் சார்ட்ட சொல்லணும்" என்று எழுதியிருந்தார். எழுத வேறு தாள் இல்லை. அதுதான் நோட்டின் கடைசித் தாள். திருப்பினேன். மறுபக்கம் முழுக்கக் காப்பிக்கொட்டைகள். நுணுக்கி நுணுக்கி, ஓரம் வரை எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தார். கணக்கு முடிந்தால்தான் அவர் இரட்டைக் கோடு போடுவார். "வழி தெரிஞ்சுருச்சு சார், தாள்தான் பத்தல" என்று அந்த வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கத்தைப் பார்த்து வேறு தாளில் எழுதிக்கொள்ள அரை மணி நேரம் ஆகியிருக்கும். விசாரணைக்கு வந்தவர்கள் அடுத்த கூடாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தாளைக் கிழித்துக் கணப்புச் சட்டியில் போட்டேன். ஈரத்தாள், உடனே பிடிக்கவில்லை. ஊதினேன்.

பத்து நாள் கழித்துப் பேச்சியம்மா முகாமுக்கு வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "அவரு நோட்டு உங்ககிட்ட இருக்குமோன்னு வந்தேனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. சும்மா பொட்டியில போட்டு வச்சுக்கிடலாம்னு." என்னிடம் இல்லை என்றேன். "சரிங்க" என்றார். வீரணன் சொன்ன அதே 'சரிங்க'. நோட்டு அப்போது என் தலையணைக்கு அடியில் இருந்தது.

அரசாங்க வேலை கிடைத்து அங்கிருந்து ஓடிவந்துவிட்டேன். ஆறு வருஷம் நோட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அறுபதுகளின் நடுவில் கோடைக்கானலுக்கே மாற்றல் ஆனது. ஒரு சீசனில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்து தங்கியிருந்த ஒரு கணிதப் பேராசிரியரிடம் நோட்டைக் கொடுத்தேன். ஒரு நண்பருடையது என்றேன். அடுத்த நாளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனபோது மனுஷர் ஷேவ்கூடச் செய்துகொள்ளவில்லை.

"இதுல முக்கால்வாசி மேல்நாட்டுல பெரிய பெரிய ஆளுங்க கண்டுபிடிச்சது. ஆனா இவர் அதையெல்லாம் படிச்சவர் இல்லை சார், படிச்சவன் இந்த வழியில வரவே மாட்டான். கடைசி ஏழு பக்கம் எனக்குத் தெரியாத எடத்துக்குப் போகுது. முடியிற எடத்துக்கு வந்துட்டார். அடுத்த பக்கம் எங்கே?"

"கிழிந்துவிட்டது" என்றேன்.

"அதனால என்ன? எழுதினவரையே கூட்டிட்டு வாங்க. அவர்கிட்டயே கேட்டுக்கலாம்."

இறந்துபோய்விட்டார் என்றேன். அந்தக் கோடை முழுக்க அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட முயன்று பார்த்தார் அவர். ஊருக்குக் கிளம்புகிற அன்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னால முடியலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழக்கூட உரிமை இல்லை என்று தோன்றியது.

பேச்சியம்மா பேத்துப்பாறையில் கூலிக்குப் பூண்டு பிடுங்குகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். வயலோரம் உட்கார்ந்து பூண்டைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பொருட்களோடு கிடந்தது, இப்போதுதான் கிடைத்தது என்று புதிதாக ஒரு பொய் சொல்லி நோட்டை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். எண்களைப் பார்க்கவில்லை. தைத்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். உதடு அசைந்தது. கடைசியில் நிமிர்ந்தார்.

"நாப்பது தாளு தச்சேனுங்க. முப்பத்தொம்பதுதான் இருக்கு."

பெரியவர் எண்ணவில்லை, அதிகாரிகள் எண்ணவில்லை, நான் இரண்டு மாசம் எண்ணவில்லை. படிக்கத் தெரியாத அந்தப் பெண் எண்ணிப் பார்த்தார். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல், கட்டை, கையெழுத்து, கசகசா, முப்பது தப்படி, கணப்புச் சட்டி. மறைக்கவில்லை. என்னை அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் பூண்டுக் கட்டைக் கீழே வைத்தார். "அப்ப அவரு தண்ணின்னு கத்துனது புத்தி கெட்டுப்போயி இல்ல?"

"இல்லம்மா. என் பேர் வெளியே வரக்கூடாது என்றுதான்."

"லயத்துல எம் மகளப் பொய்யன் மகளுன்னுதான் கூப்புடுறாக. பள்ளியோடத்துலயும் அதான் பேரு. சண்ட போட்டுட்டு வந்து அழுவுறா. எனக்கே ஒரு சமயம் சந்தேகமாத்தான் இருந்துச்சுங்க. எண்ணு எண்ணுன்னு கெடந்த மனுசன், மண்ட கொழம்பிப் போச்சோன்னு." நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்க இப்பச் சொன்னத ஒரு தாளுல எழுதிக் குடுங்க. கீழ உங்க கையெழுத்தப் போட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

"அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வருகிறேன்" என்றேன்.

அடுத்த வாரம் போகவில்லை. எழுதிக் கொடுத்தால் அது ஒரு நாள் மேலதிகாரி மேஜைக்குப் போகும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. பிறகு மாற்றல் வந்தது. ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் என்று நினைப்பேன். அப்படியே வேலையை முடித்து, ஓய்வூதியமும் வாங்கத் தொடங்கிவிட்டேன். இங்கேயும் ஏழடியில் நின்றுகொண்டு இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். போன தை மாசம் பேச்சியம்மா இறந்துபோனார். எனக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

மகள் இருக்கிறாள். நடுத்தர வயதுப் பெண். இப்போதும் பழைய ஆட்கள் அவளை அந்தப் பேரால் கூப்பிடுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழின் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அவளிடம் கொடுக்கப்போகிறேன். அவள் வாங்கிக்கொள்வாளோ, முகத்தில் எறிவாளோ, அது அவள் இஷ்டம்.

பிள்ளைகளே, உங்களுக்கு உபதேசம் எதுவும் இல்லை. உங்களிடம் இப்போது எஃகு டேப்பும் என்னென்னவோ கருவிகளும் இருக்கின்றன. கட்டைகள் இன்றைக்கும் கல்லின் மேல்தான் வந்து அடுக்கப்படும். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று "சார், இது தப்பு" என்று சொல்கிற ஆள் எப்படி உடுத்தியிருந்தாலும், எழுந்து அந்த முப்பது தப்படியை நடந்துவிடுங்கள்.

மேலே எழுதியிருப்பது பேச்சியம்மா கேட்ட அந்தத் தாள். அவர் கணவர் பொய்யர் இல்லை. பொய் நான் எழுதியது. ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

சரிபார்த்தேன்.